நடுப்படம்

கிருஷ்ணகிரி, பெங்களூர் ரோடு,
டயர் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
கீழே கம்ப்ரசர் உறுமும்போதெல்லாம்
எங்கள் மேசையில் கல்மேகன் நடுங்குவான்.
நடுங்காத கோடு வேண்டுமென்றால்
ராத்திரியில்தான் வரைய வேண்டும்.

நொடிக்கு இருபத்து நாலு படம் என்பது
ஏட்டுக் கணக்கு.
சேனல் கொடுத்த காசுக்குப் பன்னிரண்டு.
தீபாவளி மாதத்தில் எட்டு.
எட்டில் பறந்தால் கயிற்றில் இழுத்த பொம்மை,
அதனால் அந்த மாதம் முழுக்க
கல்மேகனை யோசிக்க வைத்தோம்.
யோசிக்கிறவனுக்கு
இமை மட்டும் அசைந்தால் போதும்.

திம்மராயன் மூலப்படம் போடுவான்:
குதிக்குமுன் ஒன்று, குதித்தபின் ஒன்று.
இடையில் உள்ள ஆகாயம் என் சம்பளம்.
நடுப்படத்தைத் தனியாக நிறுத்திப் பார்க்கக் கூடாது.
ஒரு கண் பாதி மூடியிருக்கும்,
முழங்கை ரப்பராக நீண்டிருக்கும்,
உலகைக் காக்கப் போகிறவன்
தும்மப் போகிறவன் மாதிரி இருப்பான்.

நவ்ஷாத் பின்னணி.
'வானளாவிய மாநகரம்' என்று சென்னையிலிருந்து தாள் வரும்.
வானளாவக் கட்டிவிட்டு, கட்டட இடுக்கில்
சையத் பாஷா மலையைச் செருகிவிடுவான்.
நாற்பது எபிசோடு வரை
ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் செய்தது அதைவிடச் சிறிசு.
எனக்குப் பாலக்கோட்டுப் பக்கம்.
எங்கள் போர்த்தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள்
போட்டோவுக்கு வாய் திறக்க மாட்டோம்.
ஒன்பதாம் எபிசோடின் முடிவில்
அணையைத் தாங்கிப் பிடித்துவிட்டுக்
கல்மேகன் சிரிக்க வேண்டும்.
நிற அட்டவணையில், பல்: வெள்ளை, எண் ஒன்று.
மணி இரண்டே கால்.
முப்பத்தேழை எடுத்து ஊற்றினேன்,
துருவுக்கு வைத்திருந்த பழுப்பு.
பன்னிரண்டில் மூன்று படம்.
கால் நொடி.

கால் நொடியை ஒரு பிள்ளை பார்த்துவிட்டது.
காரிமங்கலம், ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, மா. தீர்த்தனா:
'கல்மேகன் எங்க ஊர் தண்ணியா குடிச்சாரு?'
கடிதத்தின் மேல் சேனலின் சிவப்பு மை:
நிறப்பிழை. மறுஒளிபரப்புக்குள் சரிசெய்யவும்.
சரிசெய்தேன். பதினோரு நிமிஷ வேலை.
கோப்பில் சேர்க்கக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.
காணோம் என்றேன்.

சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மத்தியானம் மூன்றுக்கும்,
மூன்றிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்கும்
கல்மேகனை நகர்த்தினார்கள்.
ஐந்தரைக்கு விழித்திருந்தது
பால் வண்டிக்காரர்களும் நாங்களும்.
எங்கள் பெயர் ஓடும் நேரத்தில்
எப்படியும் விளம்பரம் வந்துவிடும்.

ஐம்பத்திரண்டுக்கு ஒப்பந்தம்.
நாற்பத்து மூன்றில் போன் வந்தது.
நாற்பத்து நாலில் அவன்
கிரேன் உச்சியிலிருந்து குதித்திருந்தான்,
திம்மராயன் இரண்டு முனையும் போட்டுவிட்டான்,
நான் நாலு படம் முடித்திருந்தேன்.
அப்படியே சேமித்தேன்.
மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
கம்ப்யூட்டர்களை டயர் கடைக்காரரே எடுத்துக்கொண்டார்,
வாடகைக்கு.

இப்போது ஓசூரில்,
பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று
ஒரு கம்பெனிக்கு அசைத்துக் காட்டுகிறேன்.
பிரேக்குக்குப் பல் கிடையாது.

போன வாரம், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில்
பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.
மாம்பழ ஜூஸ் பாக்கெட்.
எவனோ ஹார்டு டிஸ்க்கைத் திறந்து
கைக்கு வந்ததை எடுத்திருக்கிறான்.
பாதி மூடிய கண். ரப்பர் முழங்கை.
நின்றுகொண்டும் இல்லை, பறந்துகொண்டும் இல்லை.
என்னுடையது. சந்தேகமே இல்லை.

பத்து ரூபாய் கொடுத்தேன்.
வாய் கொஞ்சம் திறந்திருந்தது.
வெயிலில் பிடித்துப் பல்லைப் பார்த்தேன்.
ஒன்றா, முப்பத்தேழா?
மட்டமான அச்சு.
முகம், மேகம், பல், வானம்
எல்லாமே மாம்பழ மஞ்சள்.

சர்க்கரை ஜாஸ்தி.
பஸ் வரும்வரை குடித்தேன்.